மறையுரையை விட விடுதி வேலையே அதிகம்
ஆப்பிரிக்க விடுதிப் பள்ளிகளில் மிஷனரிகளின் நாள் ஜெபத்திலும் பிரசங்கத்திலுமே கழிந்தது என்று ஒரு கட்டுரை கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. கென்யாவின் கிகுயு என்னும் ஊரில் 1926இல் தொடங்கப்பட்ட அலையன்ஸ் உயர்நிலைப் பள்ளிக்கு 1940 முதல் 1962 வரை தலைமையாசிரியராக இருந்த மிஷனரி கேரி பிரான்சிஸ், கேம்பிரிட்ஜில் கணிதம் கற்பித்து வந்த பதவியை உதறிவிட்டு 1928இல் அந்நாட்டுக்கு வந்தவர். ஓய்வு பெற்ற பின்னும் ஊர் திரும்பாமல் நைரோபியின் பும்வானி பகுதிப் பள்ளியொன்றில் பாடம் நடத்தினார். நானும் மேற்குக் கென்யாவில் ஒரு மிஷன் விடுதிப் பள்ளியில் இரண்டாண்டுகள் அறிவியல் கற்பித்தவன். அங்கிருந்த முதிய அயர்லாந்துப் பாதிரியார் விடியுமுன் பூசையை முடித்துவிட்டு, மழைநீர்த் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் மிஞ்சியிருக்கிறது என்று நீண்ட குச்சியை விட்டுப் பார்ப்பார்; பிறகு, மக்காச்சோளமும் பீன்ஸும் சேர்த்து அவிக்கும் கிதேரிக்கு விறகு போதுமா, காய்ச்சலில் படுத்த பையனுக்கு மலேரியாச் சோதனை செய்தாயிற்றா, கட்டணம் கட்ட இயலாதவனை வீட்டுக்கு அனுப்பாமல் எப்படி வைத்துக்கொள்வது என்று மாலை வரை அலைவார் (இந்தக் கடைசிக் கவலைதான் அவரை அதிகம் வாட்டியது). விளக்கணைக்கும் மணி அடித்த பிறகே மறுநாள் மறையுரைக்குக் குறிப்பெழுத உட்காருவார். பெரும்பாலும் நாற்காலியிலேயே உறங்கிப்போவார்.