நூலகம் ஒன்பது மணி வரை, விடுதி ஏழு மணி வரை

எங்கள் பல்கலைக்கழக நூலகம் இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும். பெண்கள் விடுதியின் கேட்டை ஏழு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். ஆண்கள் விடுதிக்குப் பத்து மணி என்று பலகையில் எழுதியிருக்கிறது, ஆனால் அங்கே யாரும் பூட்டுவதில்லை. இதைப் பற்றிப் பேசினால், "நாட்டில் எவ்வளவோ நடக்கிறது, உனக்கு இதுதான் பெண்ணியமா?" என்கிறார்கள். நாட்டில் நடப்பதற்கும் இந்தக் கேட்டுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்பதால்தான் எழுதுகிறேன்.

2024 டிசம்பர் 23 இரவு அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்கு நேர்ந்த பாலியல் வன்கொடுமையை யாரும் மறந்திருக்க மாட்டோம். அவர் துணிந்து புகார் கொடுத்தார். அவரை அடையாளம் காட்டும் விவரங்களுடன் முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்தது. சென்னை உயர்நீதிமன்றம் மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது; 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கச் சொன்னது; அவர் படிப்பை முடிக்கும்வரை கட்டணம் வாங்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. 2025 ஜூனில் குற்றவாளிக்கு 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை கிடைத்தது. நீதிமன்றம் அந்தப் பெண்ணின் படிப்பு நிற்கக் கூடாது என்று கவலைப்பட்டது. அதே நாட்களில், பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எங்கள் விடுதியில் ஒட்டப்பட்ட சுற்றறிக்கை, மாணவிகள் ஆறரைக்கே உள்ளே வந்துவிட வேண்டும் என்றது. எரியாத தெருவிளக்குகளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. தேர்வு நெருங்கிய பிறகுதான் பழையபடி ஏழு மணி ஆக்கினார்கள்.

வெளியே போவதென்றால் விடுதி வாசலில் இருக்கும் நீள நோட்டில் எழுத வேண்டும். பெயர், அறை எண், செல்லும் இடம், காரணம், புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், கையொப்பம். வெளியூர் என்றால் ஆய்வு நெறியாளரின் கடிதம் ஒன்று, பெற்றோரின் கடிதம் ஒன்று, போதாததற்கு அப்பாவிடமிருந்து வார்டனுக்கு ஒரு போன். எங்கள் விடுதியில் முப்பது வயது தாண்டிய ஓர் அக்கா இருக்கிறார். கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு ஆய்வுக்கு வந்தவர். குழந்தையை ஊரில் அம்மாவிடம் விட்டிருக்கிறார். அவருக்கும் அப்பா போன் செய்ய வேண்டும். நான் வரலாற்றுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகாமல் என் ஆய்வு ஒரு பக்கம்கூட நகராது. என்னோடு சேர்ந்த ஆண் தோழர் ராத்திரி பஸ் ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கி, காப்பகம் திறக்கும்போது வாசலில் நிற்கிறார். எனக்குக் கடிதங்கள் சேரவே ஒரு வாரம் ஆகிவிடுகிறது.

ஆய்வு நூலகத்தில் மட்டும் நடப்பதில்லை, சாயங்காலத்திலும் நடக்கிறது என்பதை வெளியில் இருப்பவர்கள் அறிய மாட்டார்கள். பேராசிரியர்கள் ஆறரை மணிக்கு மேல் டீக்கடைக்கு வருவார்கள். எந்த ஆய்விதழில் கட்டுரை கேட்கிறார்கள், எந்தக் கல்லூரியில் பணியிடம் காலியாகிறது, எந்தத் திட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த பெஞ்சில்தான் பேசப்படும். மறுநாள் அறிவிப்புப் பலகைக்கு வரும்போது விஷயம் பாதி முடிந்திருக்கும். கருத்தரங்கிலும் இதே கதைதான். சிறப்பு விருந்தினரை ரயில் நிலையத்திலிருந்து காரில் அழைத்து வருவது ஆண் ஆய்வாளர். வழி நெடுக அவரிடம் தன் ஆய்வைப் பற்றிப் பேசுகிறார். பட்டுப்புடவை கட்டிப் பன்னீர் தெளிக்கவும், சந்தனமும் கற்கண்டும் நீட்டவும், குத்துவிளக்குக்குத் திரி போடவும் நாங்கள். விருந்தினர் எங்களிடம் சொல்வது "நன்றிம்மா" மட்டும். பின்னாளில் பரிந்துரைக் கடிதம் யாருக்கு எளிதாகக் கிடைக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. இயற்பியலாளர் அன்னா மணி சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு பெங்களூரில் சர் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தவர். அங்கே ஆண்களும் பெண்களும் கலந்து பேசுவதற்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. கருவியோடு தனியாக வேலை செய்யலாம், விவாதத்தில் இடமில்லை. வைரத்தையும் மாணிக்கத்தையும் ஆராய்ந்து அவர் எழுதிய ஆய்வேட்டுக்கு, முதுகலைப் பட்டம் இல்லை என்று காரணம் சொல்லி, சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தரவில்லை. இந்தியாவின் வானிலைக் கருவிகளைப் பின்னாளில் தரப்படுத்தியவர் அவர்தான். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்ட விவாதங்களை யார் திருப்பித் தர முடியும்?

"உங்களுக்குத்தான் இரண்டு வருடம் கூடுதலாகத் தருகிறார்களே" என்பார்கள். உண்மைதான். 2022ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி முனைவர் பட்ட ஆய்வை முடிக்கப் பெண் ஆய்வாளர்களுக்கு இரண்டு ஆண்டுத் தளர்வு உண்டு. மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்காக 240 நாள் விடுப்பும் உண்டு. ஆனால் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை மொத்தம் ஐந்து ஆண்டுகளோடு முடிந்துவிடும். அதன் பிறகு வரும் ஆண்டுகளில் சாப்பாட்டுக்கு வழி என்ன? என் இரண்டு மணி நேரத்தைத் தினமும் வாங்கிக்கொண்டு, கடைசியில் பணமில்லாத இரண்டு வருடத்தைக் கையில் கொடுப்பதைச் சலுகை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்கு வர மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறது தமிழ்நாடு. புதுமைப் பெண் திட்டத்தை நான் மனதார வரவேற்கிறேன். அப்படி வந்த பெண்களில் ஒருத்தி நாளை ஆய்வுக்கு வரும்போது, அதே நீள நோட்டில் கையொப்பம் போடத்தான் வேண்டுமா?

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. பாலியல் துன்புறுத்தல் தடுப்பு பற்றி மானியக் குழு 2015இல் வெளியிட்ட விதிமுறைகள், பாதுகாப்பைக் காரணம் காட்டி பெண்கள் விடுதிக்கு மட்டும் பாகுபாடான விதிகளை வைக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. விடுதியின் இரவு நேரக் கட்டுப்பாட்டை எதிர்த்து 2022இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவிகள் தொடுத்த வழக்கில் கேரள உயர்நீதிமன்ற நீதிபதி, தொல்லை கொடுப்பவர்கள் ஆண்கள் என்றால் அவர்களைப் பூட்டி வைக்கலாமே என்று கேட்டார். அதே 2015 விதிமுறைகளின்படி, மாணவர் தொடர்பான புகார் என்றால், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவில் மூன்று மாணவப் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் ஆய்வாளர். அவர்கள் நியமிக்கப்படக் கூடாது, தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். எங்கள் வளாகத்தில் அப்படி ஒரு தேர்தல் நடந்ததாக நான் கேட்டுப் பார்த்த யாருக்கும் நினைவில்லை.

எனவே நானும் என் விடுதித் தோழிகள் சிலரும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு அனுப்பியிருக்கிறோம். உள்ளகப் புகார்க் குழுவில் யார் இருக்கிறார்கள், மாணவப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தது எப்போது, ஏழு மணி என்பது எந்தத் தீர்மானத்தின்படி என்று கேட்டிருக்கிறோம். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வந்ததும் இங்கே பதிவிடுகிறேன். மற்ற பல்கலைக்கழகங்களில் இருக்கும் தோழிகள் இதே மனுவை அனுப்ப விரும்பினால் உள்பெட்டியில் கேளுங்கள், வாசகத்தை அனுப்பி வைக்கிறேன்.