ஓசியில குடுத்தா வாயை மூடிக்கணுமா?

அந்த ஸ்கிரீன்ஷாட்டை இதுவரைக்கும் ஏழு பேர் எனக்கு அனுப்பிட்டீங்க. போதும், பார்த்துட்டேன். என் பதிவுக்குக் கீழ ஒருத்தன் போட்ட கமெண்ட். "ஓசியில குடுத்தா ஆடிட்டுப் போங்க அங்கிள், ஒப்பாரி எதுக்கு?" கீழ வரிசையா சிரிப்பு பொம்மை. அதுல என் சித்தி பையனும் ஒருத்தன். நல்லா இருங்கப்பா.

நான் எழுதினது நாலே வரி. ஓசியில வந்திருக்கற புது ஸ்கேட் கேம்ல, அதான் சக்கரப் பலகை மேல வித்தை காட்டற வீடியோ கேம், சறுக்கற ஃபீல் பிரமாதம், ஆனா நெட் இல்லன்னா கேமே இல்ல, அது எனக்குப் புடிக்கல. இதுல ஒப்பாரி எங்க வந்துச்சு?

ஸ்கேட் 3 வந்தது 2010 மே மாசம். அடுத்தது கையில கெடைச்சது 2025 செப்டம்பர் 16. பதினஞ்சு வருஷம். நம்ம வேலூரைச் சொல்லுவாங்களே, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலைன்னு. அதுல கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரரே 1981ல திரும்பி வந்துட்டாரு. அந்த மாதிரி இதுவும் ஒரு நாள் வரும்னு உக்காந்திருந்தேன். வந்துச்சு. என்ன, கோயில் சாவி மட்டும் வேற ஊர்ல இருக்குது.

போன வாரம் எங்க தெருவுல பள்ளம் தோண்டினாங்க. கேபிள் அறுந்துச்சு. நெட்டுக்காரருக்கு போன் போட்டா "நாளைக்கு சார்". மூணு நாளும் அதே நாளைக்குதான். லைட் எரியுது, ஃபேன் சுத்துது, கம்ப்யூட்டர் ஓடுது, கண்ட்ரோலர் கையில இருக்குது. கேம்ல சுத்தற சான் வான்ஸ்டர்டாம் ஊரு மட்டும் இல்ல. கூட ஆட ஆள் வேணும்னு நான் கேட்டேனா? ஒரு படிக்கட்டு, ஒரு கைப்பிடிக் கம்பி, நான். இதுக்கு எதுக்குய்யா நெட்டு?

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்காதே"ன்னு ஒரு பெரியவர் கமெண்ட். ஐயா, நான் பல்லைப் பாக்கல. மாடு என் கொட்டாயில இல்லையேன்னுதான் கேக்கறேன். குடுத்தவங்க வீட்டுலயே கட்டி வெச்சிருக்காங்க. அவங்க கதவு தெறந்திருக்கற நேரம் நான் போய்த் தடவிக் குடுத்துட்டு வரணும். இதுக்குப் பேரு தானமா? போதாக்கொறைக்கு மாட்டுக்கு மணி, கயிறு, கொம்புக்குப் பெயின்ட் எல்லாம் தனிக் கடை. சட்டை ஷூவுக்கு சான் வான் பக்ஸ்னு ஒரு காசு, அதை வாங்க நம்ம நெசக் காசு. சரி, வேணும்னா வாங்கு, வேணான்னா விடு. விட்டுட்டேன். ஆனா நெட்டு? அதை விட முடியாதே!

"எர்லி ஆக்சஸ்தானே, இன்னும் முடியலையே"ங்கறாங்க. இது நியாயமான பேச்சு. குறை ஒண்ணொண்ணா சரி பண்ணுவாங்க, மறுக்கல. ஆனா நெட்டு வேணும்கறது தவறிப்போய் வந்த குறை இல்லையே, அவங்களா உக்காந்து எடுத்த முடிவு. "சர்வர் செலவு யாரு குடுப்பா?"ன்னு இன்னொருத்தன். நானா சர்வர் கேட்டேன்?

"அப்போ டோனி ஹாக் ஆடுங்க." ஆடறேன். அதுவும் ஸ்கேட்போர்டு கேம்தான், 1999ல ஆரம்பிச்ச தொடர், மரியாதை உண்டு. அங்கயும் 2025 ஜூலைல மூணாவது, நாலாவது பாகத்தைப் புதுப்பிச்சு 3+4ன்னு விட்டப்போ, நாலாவது பாகத்துல ஊரைச் சுத்தி ஆளுங்ககிட்டப் பேசி சாவகாசமா ஆடினதை எடுத்துட்டு, ரெண்டு நிமிஷக் கடிகாரத்தை மாட்டிட்டாங்கன்னு பழைய ஆளுங்க கத்தினாங்க. அவங்களையும் அந்த ஸ்கிரீன்ஷாட்டுக்காரன் அங்கிள்னுதான் சொல்லியிருப்பான். ஆனா டோனி ஹாக் பட்டன் ஆட்டம், தட்டத் தட்ட வித்தை வரும். ஸ்கேட்ல வலது கட்டை விரல்தான் கால். கண்ட்ரோலர் ஸ்டிக்கைக் கீழ இழுத்து மேல தட்டினா ஆலி, அதாவது போர்டோட ஒரு குதி. சாய்ச்சுத் தட்டினா கிக்ஃபிளிப், காலுக்கடியில போர்டு உருண்டு வரும். ஒரு நூல் தப்பினா வேற எதுவோ ஆகி மூஞ்சி தரையில. அந்த விரல் பழக்கம் 2007ல முதல் ஸ்கேட்ல வந்தது. புதுசுலயும் அப்படியே இருக்குது. அதனாலதான்யா வயிறு எரியுது! கேவலமான கேமா இருந்தா அழிச்சிட்டு முள்ளு கத்திரிக்கா வாங்கப் போயிருப்பேன்.

அந்த விரலை நான் கத்துக்கிட்டது காட்பாடியில, ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் பின்னாடி இருந்த கேம் கடையில. மணிக்கு இருபது ரூவா. ரெண்டு பி.எஸ்.3 பிளேஸ்டேஷன், ஒரு டேபிள் ஃபேன். 2012, கரண்ட் இருக்கற நேரத்தைவிட இல்லாத நேரம் ஜாஸ்தி. கடை அண்ணன் லாரி பேட்டரி சைஸுக்கு ஒண்ணு வாங்கி இன்வெர்ட்டர்ல ஒரே ஒரு டிவியை ஓட்டுவாரு. ஃபேன் கிடையாது. மே மாச வேலூர், ஃபேன் கிடையாது! வேர்வை சொட்டி ஸ்டிக் வழுக்கும், சட்டையில தொடச்சிட்டு ஆடுவோம். எத்தனை எலும்பு ஒடைஞ்சதுன்னு எண்ணிக் காட்டற ஹால் ஆஃப் மீட்டுக்குத்தான் பசங்க உயிரை விடுவாங்க. அந்தக் கடையில நெட் இருந்துச்சான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமே வரல.

"நெசத்துல போர்டு மேல நின்னிருக்கீங்களா?"ன்னும் கேட்டிருக்காங்க. நின்னிருக்கேன். இருபத்தாறு வயசுல ஒரு பிளாஸ்டிக் போர்டு வாங்கினேன். மாமல்லபுரம், கோவளம் பக்கம் பசங்க பறக்கறாங்களே, நமக்கென்னன்னு ஒரு திமிரு. சத்துவாச்சாரி சந்துல காலங்காத்தால அஞ்சரைக்கு, கோலம் போடற அக்காங்க வர்றதுக்கு முன்னாடி. பத்தடி போனேன். சக்கரத்துல ஒரு ஜல்லி மாட்டிச்சு. மணிக்கட்டுல ஒரே ஒரு எலும்பு. ஹால் ஆஃப் மீட்டுல அது ஒரு ஸ்கோரே கிடையாது. மாவுக்கட்டோட வீட்டுக்குப் போனா நைனா ஏற எறங்கப் பார்த்துட்டு, "சக்கரத்துல ஏற வயசாடா இது? கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கற நேரத்துல"ன்னாரு. அத்தோட சரி. அதனாலதான் வீட்டு ரூம்ல உக்காந்து ஆடற ஆட்டமாவது எனக்குன்னு இருக்கட்டும்ங்கறேன். தப்பா?

இன்னொண்ணு. எழுதக் கூடாதுன்னுதான் இருந்தேன். அந்த ஸ்கிரீன்ஷாட்டுல அங்கிள்னு போட்டவன் யாருன்னு உங்க பாதி பேருக்குத் தெரியாது. அதே கேம் கடைக்கு ஏழு வயசுல அஞ்சு ரூவாயோட வந்து நிப்பான். அஞ்சு ரூவாய்க்குக் கால் மணி நேரம். முடிஞ்சும் போகமாட்டான், என் முட்டி பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருப்பான். என் நேரத்துல பாதிய அவன் கையில குடுப்பேன். விரல் எட்டாம ரெண்டு கையாலயும் ஒரே ஸ்டிக்கைப் புடிப்பான். மொதல் கிக்ஃபிளிப் வுழுந்தப்போ கடையே அதிர்ற மாதிரி "அண்ணா"ன்னு கத்தினான். அப்போ அண்ணா. இப்போ அங்கிள்.

கடையை மூடினப்போ அண்ணன்கிட்ட ஒரு பி.எஸ்.3யும் ஸ்கேட் 3 டிஸ்க்கும் நான்தான் வாங்கினேன். டிஸ்க்ல ஒரு கீறல் இருக்குது, ஒரு கண்ட்ரோலர்ல இடது ஸ்டிக் தானா நகரும். நேத்து ராத்திரி போட்டுப் பார்த்தேன், ஓடுது.

டேய் தம்பி, இதைப் படிப்பேன்னு தெரியும். ஞாயித்துக்கிழமை வா. நல்ல கண்ட்ரோலர் உனக்கு. வாசல்ல நின்னு அங்கிள்னு கூப்ட்டேன்னா மட்டும் கதவு தெறக்கமாட்டேன்.