அன்பு 13, ஒன்று 13

கெமாட்ரியா என்றதும் நம்மில் பலருக்குப் பெயரில் ஓர் எழுத்தைச் சேர்த்து அதிர்ஷ்டம் தேடும் பெயரெண் சோதிடம்தான் நினைவுக்கு வருகிறது. அந்த எண்ணத்தை மாற்றத்தான் இந்தப் பதிவு. கெமாட்ரியா, யூதர்கள் தங்கள் வேதத்தை வாசிக்கும் வழிகளில் ஒன்று.

யூத வேதத்தின் மொழியான எபிரேயத்தில் எழுத்துகள் 22. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. முதல் எழுத்து ஆலெஃப் 1, பத்தாவது எழுத்து யோத் 10, கடைசி எழுத்து தாவ் 400. சொல்லின் எழுத்துகளைக் கூட்டி, அதே தொகை வரும் வேறொரு சொல்லோடு சேர்த்துப் படிப்பார்கள்.

நான் முதலில் கூட்டிப் பார்த்த சொல் ‘அஹவா’. அன்பு என்று பொருள். 1, 5, 2, 5, ஆக 13. ‘எஹாத்’ என்றால் ஒன்று. 1, 8, 4; அதுவும் 13. இரண்டும் சேர்ந்தால் 26. யூதர்கள் உச்சரிக்காமல் காத்துவரும் இறைப்பெயரின் நான்கு எழுத்துகளுக்கும் (10, 5, 6, 5) அதே 26! காகிதத்தில் அந்தத் தொகையைப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

அந்தப் பெயர் மீதுள்ள பக்தி அன்றாட எண்களிலும் தெரிகிறது. எபிரேயத்தில் எண்களையும் எழுத்துகளாலேயே எழுதுவதுண்டு. 15 என்பதை 10, 5 என்று எழுதினால் இறைப்பெயரின் முதலிரண்டு எழுத்துகள் வந்துவிடும். அதனால் 9, 6 என்றே எழுதுகிறார்கள். யூத நாட்காட்டியில் ஷெவாத் மாதம் 15ஆம் நாள் வரும் மரங்களின் புத்தாண்டுக்கு ‘து பிஷ்வாத்’ என்று பெயர். அந்தத் ‘து’ என்பதே 9க்கும் 6க்கும் உரிய இரண்டு எழுத்துகள்தான்.

ஆனால் இந்த எண் ஒற்றுமையையே ஆதாரமாக நீட்டும்போது எனக்கு அச்சமாக இருக்கிறது. பாம்பைக் குறிக்கும் ‘நஹாஷ்’ 358. யூதர்கள் காத்திருக்கும் மீட்பரான மேசியாவைக் குறிக்கும் ‘மஷியாஹ்’ என்பதும் 358. 17ஆம் நூற்றாண்டில் தன்னை மேசியா என்று அறிவித்துக்கொண்ட சப்பத்தாய் ஸ்வியைப் பின்பற்றியவர்கள் இந்த ஒற்றுமையைப் பெரிதாகக் கொண்டாடினார்கள். அவரோ 1666இல் ஒட்டோமான் சுல்தானின் பிடியில் இஸ்லாத்துக்கு மாறினார். நம்பிக் காத்திருந்த எத்தனையோ குடும்பங்கள் மனம் உடைந்துபோயின.

அதற்கு ஐந்நூறு ஆண்டுகள் முன்பே ஸ்பெயினில் பிறந்த அறிஞர் இப்ன் எஸ்ரா எச்சரித்திருந்தார். சிறைப்பட்ட தன் சகோதரன் மகன் லோத்தை மீட்க ஆபிரகாம் 318 பேருடன் போனதாக வேதத்தின் முதல் நூலான ஆதியாகமம் சொல்கிறது. போனது ஊழியன் எலியேசர் ஒருவன்தான், அவன் பெயரின் தொகை 318 என்று பழைய ரபிகள் (யூத மத ஆசிரியர்கள்) சிலர் விளக்கினார்கள். இப்ன் எஸ்ரா அதை ஏற்கவில்லை. வேதம் கெமாட்ரியாவில் பேசுவதில்லை, இந்த வழியில் போனால் எந்தப் பெயரையும் நல்லதாகவோ கெட்டதாகவோ திருப்பிவிடலாம் என்றார்.

நான் அவர் பக்கம்தான். எசமானுக்காகத் தனி ஆளாகப் புறப்பட்ட எலியேசரை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் மீட்கப் போனவர்கள் எத்தனை பேர் என்று குழந்தைகள் கேட்டால், 318 பேர் என்றே சொல்வேன்.