இரும்புத் தாது விண்கல்லில் வந்ததா?

"சுரங்கத்தில் எடுக்கும் இரும்பெல்லாம் விண்கல் விழுந்து வந்தது" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. பண்டைய எகிப்து மன்னர் துட்டன்காமனின் குத்துவாள் விண்கல் இரும்புதான், சரி. அதற்காக மொத்தச் சுரங்கத்தையும் வானத்துக்கு எழுதிக் கொடுக்க முடியாது.

பெரிய இரும்புத் தாதுப் படிவங்கள் பெரும்பாலும் கடலடியில் படிந்தவை. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல்நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அதனால் ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகள் கக்கிய இரும்பு கரைந்தே கிடந்தது. அப்புறம் நுண்ணுயிர்கள் ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜனை வெளியிட, இரும்பு துருப்போல் மாறி அடியில் இறங்கியது. ஆஸ்திரேலியாவின் ஹாமர்ஸ்லி பகுதிப் பாறையை உடைத்துப் பார்த்தால் தெரியும்: சிவந்த சிலிக்கா ஒரு வரி, சாம்பல் நிற இரும்பு ஒரு வரி, மெல்லிசாக, மாறி மாறி. விண்கல் இரும்பில் நிக்கல் கலந்த உலோகம் இருக்கும். இங்கே இருப்பதோ ஹேமடைட், மேக்னடைட் என்னும் ஆக்சைடுகள், அதாவது இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்தவை.