ஓவியம் பாதியில் நின்றது மரணத்தால் அல்ல

அமெரிக்காவின் ஒரு டாலர் நோட்டில் இருக்கும் முதல் ஜனாதிபதி வாஷிங்டன் படத்தின் மூல ஓவியம், "வாஷிங்டன் இறந்துவிட்டதால் பாதியில் நின்றது" என்று சொல்வதுண்டு. அது சரியில்லை. ஓவியர் கில்பர்ட் ஸ்டூவர்ட் அதை வரையத் தொடங்கியது 1796இல். வாஷிங்டன் காலமானது 1799இல். முடிக்க நேரம் தாராளமாக இருந்தது, ஸ்டூவர்ட்தான் முடிக்கவில்லை.

காரணம் பணம். ஓவியத்தைக் கேட்டவர் வாஷிங்டனின் மனைவி மார்த்தா. முடித்தால் கொடுத்துவிட வேண்டுமே! முகத்தை மட்டும் தீட்டிவிட்டு, மீதித் துணியை வெறுமையாக விட்டு, தன்னிடமே வைத்துக்கொண்டார். அதைப் பார்த்துப் பார்த்துப் பல பத்துப் பிரதிகள் வரைந்து, ஒன்று 100 டாலருக்கு விற்றார். அந்தப் பிரதிகளை 'நூறு டாலர் நோட்டு' என்றே கேலியாகச் சொல்வாராம். மனிதர் சம்பாதித்ததும் அதிகம், கடனும் அதிகம். லண்டனிலிருந்து 1787இல் டப்ளினுக்கு ஓடியதே கடன்காரர்களுக்குப் பயந்துதான்.

1828இல் அவர் இறக்கும்வரை மூல ஓவியம் அவரிடமேதான் இருந்தது. அவர் வரையத் தொடங்கிய மார்த்தாவின் உருவப்படத்துக்கும் இதே கதிதான்.

அப்புறம், நோட்டில் இருப்பது அதன் அச்சு அசலும் அல்ல. இடவலம் மாறிய உருவம்.