சீலாவின் சுழி எங்கே போய் இடிக்கிறது!

மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் படகு கரையில்தானே என்று, பாம்பனில் எங்கள் கருவாட்டுக் கடைக்கு ஒரு இணையதளம் செய்ய உட்கார்ந்தேன். கணினியில் அழகாகத்தான் இருந்தது. அண்ணன் போனில் திறந்தால், மேல் வரி 'ளு'வின் காலில் கீழ் வரியில் 'சீலா' என்ற மீன் பெயரின் சுழி போய் இடிக்கிறது! நான் எடுத்த ஆயத்த டெம்ப்ளேட்டில் வரி உயரம் எழுத்தளவைப் போல் 1.2 மடங்கு என்று வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்துக்குப் போதும், தமிழுக்கு எப்படிப் போதும்? 1.7 ஆக்கினேன், சரியானது.

அப்புறம் 'இராமநாதபுரத்திலிருந்து' என்ற ஒரே சொல் பெட்டியைத் தாண்டி நீட்டிக்கொண்டு, பக்கம் முழுக்கப் பக்கவாட்டில் ஆடியது. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில், நீளமான சொல்லை மடக்கிவிடும் 'ஓவர்ஃப்ளோ-ராப்' என்று ஒரு வரி சேர்த்ததும் அடங்கியது. அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க இரண்டு ராத்திரி! டெம்ப்ளேட் செய்கிறவர்கள் ஒரு தமிழ்ப் பத்தியை ஒட்டிப் பார்த்திருக்கக் கூடாதா? இன்னும் மெனு பட்டன் படத்துக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கிறது. தடை முடிந்து படகு கடலுக்குப் போகும் ஜூன் 15-க்குள் அதையும் முடிக்க வேண்டும்.