நள்ளிரவில் நடுப்பகல்

எங்கள் தெருவில் சோடியம் விளக்கைக் கழற்றி வெள்ளை எல்.இ.டி. மாட்டினார்கள், தெருவே செத்துவிட்டது. முன்பெல்லாம் மழை ஓய்ந்தால் தார்ச்சாலை முழுக்கத் தேன் வழிந்ததுபோல் மின்னும். எதிர்வீட்டுத் திண்ணைக்கு ஒரு கதகதப்பு இருக்கும். இப்போது அதே மழை, அதே சாலை, பிணவறைத் தரைபோல வெளிறிக் கிடக்கிறது. வேப்பமரம் சாம்பல் பூசியதுபோல் நிற்கிறது.

ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் பழைய ஒளி சுமார் 2000, அகல்விளக்குக்குப் பக்கம். இது 5000-க்கும் மேல், உச்சிவெயிலின் நிறம். நள்ளிரவில் உச்சிவெயிலை யார் கேட்டது? எல்லாம் தெளிவாகத் தெரிகிறதாம்! பெயர்ந்த காரையும் வழியும் குப்பைத்தொட்டியும் தெளிவாகத் தெரிந்து யாருக்கு என்ன லாபம்? திரைச்சீலையை இழுத்து மூடினாலும் இடுக்கில் ஒரு வெள்ளைக் கோடு நுழைந்து தலையணையில் விழுகிறது. தூக்கம் எங்கே வரும்? நேற்று இரண்டு மணிக்குக் காகம் கரைந்தது. விடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டது, பாவம்.